விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜர்: பலர் உட்காரும் அலுவலக சிஸ்டத்தில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

எந்த விண்டோஸ் சிஸ்டத்தை வாங்கினாலும் உள்ளேயே இருக்கும் கருவி இது. தனியாக வாங்க வேண்டாம், இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதனாலோ என்னவோ, இதை உட்கார்ந்து மதிப்பிட்டு எழுதுபவர்கள் குறைவு. பாஸ்வேர்டு மேனேஜர் என்றாலே சந்தா கட்டும் செயலிகளைப் பற்றித்தான் பேச்சு ஓடுகிறது. ஆனால் ஷேர்டு ஃபோல்டரையோ இன்னொரு சிஸ்டத்தின் ரிமோட் டெஸ்க்டாப்பையோ திறக்கும்போது 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் நாம் டிக் போட்டால், அந்த பாஸ்வேர்டு போய் உட்காரும் இடம் இதுதான்.

எங்கள் அலுவலகத்தில் நிர்வாக வேலையோடு சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது. ஒரு டொமைன் (எல்லோருடைய லாகின்களையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு), ஒரு ஃபைல் சர்வர், எல்லோரும் ஸ்கேன் எடுக்கும் ஒரு பெரிய காப்பியர். பெரும்பாலானவர்களுக்குத் தனி மேசை, தனி சிஸ்டம் உண்டு. ரிசப்ஷன், ஸ்டோர், மீட்டிங் ரூம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தனி மேசைகளில் கிரெடென்ஷியல் மேனேஜரைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இந்த விமர்சனம் முக்கியமாக அந்த மூன்று பொது சிஸ்டங்களை வைத்து எழுதுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு வைக்கும் பெட்டியாக இது சுமார்தான். ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி படிக்கத் தெரிந்தால், அலுவலக நெட்வொர்க்கில் எங்கே என்ன கோளாறு என்று இதைப்போல் காட்டிக்கொடுக்கும் இலவசக் கருவி வேறு இல்லை.

எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஸ்டார்ட் மெனுவில் 'கிரெடென்ஷியல்' என்று அடித்தாலே வந்துவிடும். கண்ட்ரோல் பேனலுக்குள்ளும் இருக்கிறது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே சேமித்த பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் காட்டும் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. 2009-இல் விண்டோஸ் 7-உடன் இன்றைய பெயர் வந்தது. விண்டோஸ் 8-இல் இணையதள லாகின்களுக்கான பகுதி சேர்ந்தது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

திறந்தால் இரண்டு பகுதிகள். ஒன்று இணையதள லாகின்களுக்கு, மற்றொன்று விண்டோஸ் லாகின்களுக்கு. முதல் பகுதி பெரும்பாலான சிஸ்டங்களில் காலியாகத்தான் இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பழைய எட்ஜும் தங்கள் பாஸ்வேர்டுகளை இங்கே வைத்தன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், இப்போதைய எட்ஜ் மூன்றுக்கும் சொந்தக் கிடங்கு உண்டு. 'இங்கே ஒன்றுமே இல்லையே, நாம் பத்திரமாகத்தான் இருக்கிறோம்' என்று முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. விஷயமெல்லாம் இரண்டாவது பகுதியில்தான்.

எங்கள் ரிசப்ஷன் சிஸ்டத்தில் அந்த இரண்டாவது பகுதியைத் திறந்தபோது கண்டதை அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி, பக்கத்தில் கடைசியாக மாற்றிய தேதி. வரியைத் தட்டினால் விரிந்து யூசர் பெயர், புள்ளிகளாக மறைந்திருக்கும் பாஸ்வேர்டு, எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற குறிப்பு, கீழே திருத்த ஒரு சுட்டி, நீக்க ஒரு சுட்டி. முதலில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் பெயரில் நீளமான சில வரிகள். அவை அவுட்லுக்கும் வேர்டும் தாமாக எழுதிக்கொள்பவை, தொட வேண்டாம். அடுத்து 'விர்ச்சுவல்ஆப்' என்று தொடங்கும் ஒரு வரி. அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்கள் நிறைய பேர். மைக்ரோசாஃப்ட் கணக்குச் சேவைகளுக்காக விண்டோஸ் வைத்துக்கொள்வது அது, ஆபத்து ஒன்றும் இல்லை. 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கி ஒரு சிஸ்டத்தின் பெயரோடு முடிந்தால் அது ரிமோட் டெஸ்க்டாப் லாகின்.

கடைசியில் வெறும் ஐபி எண் ஒன்று இருந்தது. எங்கள் ஃபைல் சர்வரின் எண். அதற்கு நேரே அக்கவுண்ட்ஸ் மேலாளரின் யூசர் பெயர்.

இந்த ஒரு வரியில் ஒரு பெரிய கதை இருக்கிறது. டொமைனில் இருக்கும் சிஸ்டத்தில் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் லாகின் செய்தால், ஃபைல் சர்வருக்குத் தனியாக பாஸ்வேர்டு கேட்கவே கேட்காது. காலையில் போட்ட லாகினை வைத்தே சர்வர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அப்படியிருக்க, நம் சொந்த சர்வரின் பெயரோ எண்ணோ இந்தப் பட்டியலில் ஏன் வர வேண்டும்? யாரோ ஒருவர், தன்னுடையது அல்லாத லாகினில் உட்கார்ந்துகொண்டு, தன் உரிமையில் உள்ள ஃபோல்டரைத் திறக்க வேண்டியிருந்தது. அதனால்தான்.

ரிசப்ஷனில் அப்போது ஒரே ஒரு பொது லாகின்தான். மாறி மாறி உட்காரும் எல்லோருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அந்த லாகினுக்கு அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர் திறக்காது. அவசரத்துக்கு அங்கே உட்கார்ந்த மேலாளர், வேறு பெயரில் இணைக்கப் பார்த்திருக்கிறார். உடனே விண்டோஸ் 1219 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி காட்டியிருக்கும். ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் பேச முடியாது என்பது அதன் பொருள். இதைத் தாண்ட அலுவலகங்களில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணைப் போடுவது. பெயரையும் எண்ணையும் விண்டோஸ் இரண்டு வெவ்வேறு சர்வர்களாக எடுத்துக்கொள்ளும். வழி திறக்கும். அவர் டிக்கையும் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ரிசப்ஷனில் யார் உட்கார்ந்தாலும் சம்பளப் பட்டியல் வரை திறக்கும் நிலை. கிரெடென்ஷியல் மேனேஜர் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. விண்டோஸ் கணக்கு ஒன்றுக்கு ஒரு பெட்டி என்பது அதன் விதி. அந்தக் கணக்கில் உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் பெட்டி அவருக்குத் திறந்திருக்கும். கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டால் பெட்டியையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தாலும் எல்லாவற்றுக்கும் மேலாளரின் பெயர்தான் இருக்கும். ஒரு ஃபைல் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அந்த மனிதரை அப்படி ஒரு இடத்தில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியலைப் பார்த்த அன்றே பொது லாகினை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிரவுசர்களின் கதையும் இதேதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரோமில் சேமித்த பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும். நல்ல தடுப்புதான். பொது லாகினில் அந்த பாஸ்வேர்டு அந்த மேசையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் தடுப்புக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இனி இது எப்படிப் பூட்டுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். சேமித்த விவரங்கள் அந்தந்த யூசரின் ஃபோல்டருக்குள் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் டிபிஏபிஐ என்ற ஏற்பாடுதான் அதற்குச் சாவி செய்து தருகிறது, அந்தச் சாவி யூசரின் லாகின் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. அதனால் ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போனவர் அந்த ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, லாகின் பாஸ்வேர்டு சுலபமாக ஊகிக்க முடியாததாக இருக்கும்வரை.

இதில் ஒரு நுணுக்கம், சிஸ்டம் பார்த்துக்கொள்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. யூசர் தானே தன் பாஸ்வேர்டை மாற்றினால் பழையதை வைத்துச் சாவி புதியதற்கு மாறிக்கொள்ளும், எதுவும் போகாது. டொமைன் இல்லாத சிஸ்டத்தில், அட்மின் உரிமையில் நாம் போய் இன்னொருவரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் சேமித்ததெல்லாம் திறக்க முடியாமல் போய்விடும். விண்டோஸ் எச்சரிக்கும், நாம்தான் படிக்காமல் சரி என்று தட்டுவோம். டொமைன் கணக்கு என்றால், டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரில் ஒரு மாற்றுச் சாவி இருப்பதால் மீண்டுவிடும். டொமைன் இல்லாத சின்ன அலுவலகங்கள், ரீசெட்டுக்கு முன்னால் யூசரையே மாற்றச் சொல்வது நல்லது. பட்டியலைக் காப்புப் பிரதி எடுக்கவும் வசதி உண்டு. அதைத் தட்டினால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, தனித் திரைக்குக் கொண்டுபோய் பாஸ்வேர்டு கேட்கும். வேறு புரோகிராம் எதுவும் எட்டிப்பார்க்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த ஒரு இடத்தில் கருவியை வடிவமைத்தவர்களின் அக்கறை தெரிகிறது, மனமாரப் பாராட்டுகிறேன்.

பாராட்டோடு ஒரு எச்சரிக்கையும். இந்தப் பூட்டெல்லாம் வெளியாளுக்குத்தான். யூசர் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும்போது, அவர் பெயரில் ஓடும் எந்தப் புரோகிராமும், இரண்டாவது பகுதிக்குள் 'பொதுவான லாகின்கள்' என்ற பிரிவில் இருப்பதைக் கேட்டு வாங்க முடியும். திரையில் புள்ளிகளாகத் தெரிகிறது என்பதால் உள்ளேயும் மறைந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இணைப்பில் வந்த எதையோ திறந்து, அது தீங்கான புரோகிராமாக இருந்தால் முதலில் துழாவும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் சேமிக்காமல் இருக்க முடிந்ததைச் சேமிக்காமல் இருப்பதே மேல்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் அதிகம் ஆட்டிப்படைத்த பிரச்சினைக்கு வருகிறேன். கணக்கு லாக் ஆவது.

விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர் வந்து நின்றார். "மேடம், பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன். நீங்க திறந்து விட்ட கொஞ்ச நேரத்துல மறுபடியும் லாக் ஆகுது."

"சமீபத்துல பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

"ஆமா மேடம். மாத்தச் சொல்லி வந்துச்சு, மாத்திட்டேன்."

"மீட்டிங் ரூம் சிஸ்டத்துல எப்பவாவது உங்க பேர்ல ஷேர்டு ஃபோல்டரை டிரைவா போட்டீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அது எப்பவோ மேடம். போன ஆடிட் சமயத்துல. அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை பாஸ்வேர்டு மாத்தியாச்சு, அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே."

அவர் சொன்னது உண்மைதான், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. டொமைனில் பழைய பாஸ்வேர்டுகளின் வரலாறு இருக்கும். தவறான பாஸ்வேர்டு ஒன்று வரும்போது, அது அண்மையில் விட்ட இரண்டு பழைய பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருந்தால், டொமைன் கண்ட்ரோலர் அதைத் தவறான முயற்சியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழக்கத்தில் பழையதை அடிப்பவர்களுக்காகச் செய்த சலுகை அது. இரண்டைத் தாண்டிப் பழையதாகிவிட்டால் சலுகை போய்விடும். அப்போது மீட்டிங் ரூம் சிஸ்டம் டிரைவை இணைக்க முயலும் ஒவ்வொரு தடவையும் ஒரு தவறான முயற்சி ஏறும், எல்லை தாண்டியதும் கணக்கு லாக். பாவம், அவர் தன் மேசையில் சரியான பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருப்பார். டிக் போட்ட நாளுக்கும் தொல்லை வெடிக்கும் நாளுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் யாருக்கும் தொடர்பு புரிவதில்லை.

எந்த சிஸ்டம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. டொமைன் கண்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், லாக் ஆன கணக்கின் பெயரும் முயற்சி எந்த சிஸ்டத்திலிருந்து வந்தது என்பதும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேரே மீட்டிங் ரூமுக்குப் போனேன். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நீக்கினேன், டிரைவைத் துண்டித்தேன், சைன் அவுட் செய்தேன். அதற்குப் பிறகு அவர் கணக்கு லாக் ஆகவில்லை.

இங்கேதான் கிரெடென்ஷியல் மேனேஜர் மீது எனக்கு உண்மையான குறை. பட்டியலில் 'கடைசியாக மாற்றிய தேதி' இருக்கிறது, 'கடைசியாகப் பயன்படுத்திய தேதி' இல்லை. 'இந்த பாஸ்வேர்டை சர்வர் ஏற்கவில்லை' என்ற ஒரு சிவப்புக் குறி இல்லை. தேடும் வசதியும் இல்லை. ஒரு லாகின் செத்துப்போனது என்று கண்டுபிடிக்க, பதிவேட்டையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே ஒப்பிட வேண்டியிருக்கிறது. சந்தா செயலிகள் பழைய பாஸ்வேர்டு, பலவீனமான பாஸ்வேர்டு என்று வகை பிரித்துக் காட்டும் காலத்தில் இது பெரிய குறைதான்.

காப்பியரையும் மறந்துவிட வேண்டாம். ஸ்கேன் எடுத்தால் நேரே ஷேர்டு ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி அதில் இருக்கும், அதற்கு ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அதன் முகவரிப் புத்தகத்துக்குள் இருக்கும். பொருத்த வந்தவர் அன்று பக்கத்தில் நின்றவரின் லாகினைக் கேட்டுப் போட்டிருப்பார். அவர் பாஸ்வேர்டு மாற்றியதும் ஒன்று ஸ்கேன் நிற்கும், இல்லையென்றால் அவர் கணக்கு லாக் ஆகும். இதை எந்த விண்டோஸ் பட்டியலும் காட்டாது. ஸ்கேன் ஃபோல்டரில் எழுத மட்டும் உரிமை உள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதைப் போட்டுவிட்டால் பிரச்சினை நிரந்தரமாகத் தீரும்.

சரி, பொது லாகினை எடுத்துவிட்டு என்ன செய்தோம்? ரிசப்ஷனிலும் ஸ்டோரிலும் உட்கார்பவர்கள் எல்லோரும் தங்கள் சொந்த டொமைன் கணக்கிலேயே லாகின் செய்ய வேண்டும் என்று வைத்தோம். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்தி லாக் செய்தால் போதும், அடுத்தவர் தன் பெயரில் உள்ளே வரலாம். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக லாக் ஆகும். எந்த ஃபோல்டர் யாருக்கு என்பதை சர்வரில் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்தோம். 'ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கணுமா' என்ற முணுமுணுப்பு வரத்தான் செய்தது. ஆனால் அவரவர் டெஸ்க்டாப், அவரவர் மெயில், அவரவர் டிரைவ் தானாக வந்து நிற்பதைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ரிசப்ஷனின் கிரெடென்ஷியல் பட்டியலில் இப்போது ஃபைல் சர்வரின் வரியே கிடையாது. நான் விரும்புவதும் அதுதான்.

'எதற்கு இந்தத் தலைவலி, சேமிப்பதையே தடுத்துவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். தடுக்கலாம். நெட்வொர்க் லாகின் விவரங்களைச் சேமிக்க அனுமதிக்காதே என்று குரூப் பாலிசியில் (பல சிஸ்டங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி) ஒரு அமைப்பு இருக்கிறது. அதை எல்லா சிஸ்டத்துக்கும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ராத்திரி ஓட வைத்திருக்கும் வேலைகள், பேக்கப் உட்பட, அந்த பாஸ்வேர்டை வைத்துக்கொள்ள முடியாமல் நின்றுபோகும். மீட்டிங் ரூம் மாதிரி அப்படிப்பட்ட வேலை எதுவும் ஓடாத பொது சிஸ்டங்களுக்கு மட்டும் போட்டால் நல்ல பலன் தரும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் பட்டியலில் தேடுங்கள்: 'இன்டராக்டிவ்' என்ற சொல்லும் அட்மின் பெயரும் சேர்ந்த வரி. யாரோ ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேரை அட்மின் உரிமையில் திறப்பதற்காக 'ரன்ஆஸ்' கட்டளையோடு பாஸ்வேர்டைச் சேமிக்கும் விருப்பத்தையும் கொடுத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் என்று விண்டோஸ் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே கணக்கில் உட்காரும் எவரும் எந்தப் புரோகிராமையும் அட்மினாக ஓட்டலாம். பார்த்தவுடன் நீக்க வேண்டிய வரி அது. தாமதிக்க ஒரு காரணமும் கிடையாது.

பல சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'சிஎம்டிகீ' என்ற கட்டளை இருக்கிறது. பட்டியலைக் காட்டும், சேர்க்கும், நீக்கும். லாகின் செய்திருக்கும் யூசரின் பெட்டியை மட்டுமே காட்டும் என்பதால் எல்லோருடையதையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். அது முடியாமல் இருப்பதே முறையும்கூட.

இந்தக் கருவி செய்யவே செய்யாத வேலை ஒன்று உண்டு, அதை இதனிடம் கேட்பதும் நியாயம் இல்லை. பகிர்வது. சப்ளையர் போர்டல், கூரியர் தளம், இணைய இணைப்பின் கணக்கு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டிய லாகின்கள் எந்த அலுவலகத்திலும் இருக்கும். தளமே தனித்தனி யூசர் கொடுத்தால் அதைத்தான் வாங்க வேண்டும். கொடுக்காத இடங்களுக்கு நாங்கள் கீபாஸ் வைத்திருக்கிறோம். டொமினிக் ரைஷல் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள், இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. எல்லாம் ஒரே குறியாக்க ஃபைலில். அதை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரைத் தேவையான குழுவுக்கு மட்டும் திறந்துவிட்டோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால், சேமிக்கும்போது ஃபைல் மாறியிருக்கிறது என்று சொல்லி, ஒத்திசைக்கவா மேலெழுதவா என்று கேட்கும். ஒத்திசை என்றே தட்ட வேண்டும் என்பதை எங்கள் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். காப்பி செய்த பாஸ்வேர்டைக் கிளிப்போர்டிலிருந்து சில வினாடிகளில் தானாக அழித்துவிடும், பொது சிஸ்டத்தில் இது பெரிய நிம்மதி.

ஆனால் கீபாஸில் ஒரு ஃபைலுக்கு ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. இன்னாருக்கு இந்த வரி மட்டும் என்று ஒரே ஃபைலுக்குள் பிரிக்க முடியாது, வேண்டுமானால் ஃபைலையே பிரிக்க வேண்டும். ஆட்கள் அதிகம், பிரிவுகள் அதிகம் என்றால் பிட்வார்டன் மாதிரி ஒன்று பொருத்தம். அதில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், எந்தத் தொகுப்பை யார் பார்க்கலாம் என்ற பிரிவு, வேலையை விட்டுப் போனவரை நீக்கும் வசதி எல்லாம் உண்டு. நீக்கினால் மட்டும் போதாது, அவர் பார்த்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றிவிட வேண்டும். எந்தக் கருவியாலும் ஒருவர் மனதில் இருப்பதை அழிக்க முடியாது.

மதிப்பெண் கேட்டால், ஒருவர் தன் சொந்தக் கணக்கில் உட்காரும் மேசைக்கு ஐந்துக்கு நாலு தருவேன். தேடல் இல்லாததற்கும், செத்த லாகினைக் காட்டாததற்கும் ஒன்று குறைத்திருக்கிறேன். பலர் ஒரே கணக்கில் உட்காரும் சிஸ்டத்துக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை. கருவி மோசம் என்பதற்காக இல்லை. அந்த நிலைமைக்காக இது செய்யப்படவே இல்லை.

உங்கள் அலுவலகத்தில் பொது லாகின் இன்னும் இருந்தால், அந்த லாகினிலேயே போய் ஒரு முறை பட்டியலைத் திறந்து பாருங்கள். வெறும் ஐபி எண்ணோடு, அங்கே உட்காராத ஒருவரின் பெயர் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள், பிறகு அந்த வரியை நீக்குங்கள். நீக்கியவுடன் ஃபோல்டர் இன்னும் திறக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பு அப்படியே நிற்கும். டிரைவைத் துண்டித்து, சைன் அவுட் செய்து, மறுபடி உள்ளே வந்து திறந்து பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் வேலை முடிந்தது.